அடியில் கிடக்கும் பலகை

தச்சர் ஒருவர் கதவுச் சட்டத்தில் துளையிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். துளைக்கருவியைக் கையில் எடுக்குமுன் அவர் சட்டத்தின் அடியில் பழைய பலகைத் துண்டு ஒன்றை வைக்கிறார். எதற்காக? கருவி மறுபுறம் வெளிவரும்போது தரையைக் குத்தலாகாது. அதன் முனையும் மழுங்கலாகாது. அடியில் தாங்கல் இருந்தால், துளையின் மறுவாயில் மரம் சிம்பு சிம்பாகப் பிய்வதும் இல்லை. வேலை முடிந்ததும் அத்துண்டை மூலையில் போட்டுவிடுகிறார். அதை யாரும் நினைப்பதில்லை. மாணவ நண்பர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தப் பலகையைப் பற்றித்தான்.

பெரம்பலூர் மாவட்டத்தில் செட்டிகுளம் என்றால் பலருக்கும் சின்ன வெங்காயம் நினைவுக்கு வரும். பக்தர்களுக்கோ, குன்றின்மேல் கரும்பு ஏந்தி நிற்கும் முருகப் பெருமான் நினைவுக்கு வருவார். அதே மாவட்டத்தில், பச்சைமலைப் பக்கத்தில், அரும்பாவூர் இருக்கிறது. அங்கே வாகை முதலிய மரங்களில் தெய்வ உருவங்களைச் செதுக்கும் சிற்பிகள் வாழ்கின்றனர். அவர்களுடைய மரச் சிற்பங்களுக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. உளியும் கொட்டாப்புளியுமே அவர்களது முதன்மைக் கருவிகள்.

செட்டிகுளத்திலுள்ள என் வீட்டுத் திண்ணையறையில் வேறொரு கருவி இருக்கிறது. அது கணினியின் ஆணைப்படி மரத்தை வெட்டும் சிறிய இயந்திரம். சி.என்.சி. ரவுட்டர் என்று கடைத்தெருவில் அதற்குப் பெயர். ஒரு மேடை, அதன்மேல் இரு பக்கத்துத் தண்டுகளில் ஓடும் ஒரு பாலம், பாலத்தில் மேலும் கீழும் இறங்கும் சுழல்தண்டு, அதன் நுனியில் வெட்டுமுனை. நீளம், அகலம், ஆழம் என்ற மூன்று எண்களைக் கொடுத்தால், வெட்டுமுனை அந்த இடத்திற்குப் போகும்.

எண்களைக் கொண்டு கருவியை நடத்தலாம் என்ற எண்ணம் புதியதன்று. அமெரிக்காவில் ஹெலிகாப்டரின் சுழலிறக்கைகளைத் தயாரிக்கும் பணியில் ஈடுபட்டிருந்த ஜான் பார்சன்ஸ் என்பவர் இதற்கு வித்திட்டார். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952ஆம் ஆண்டில் அத்தகைய இயந்திரம் ஒன்றை இயக்கிக் காட்டினர். அதற்குரிய ஆணைகள் துளையிட்ட காகித நாடாவில் இருந்தன. அன்று ஓர் அறையை அடைத்து நின்ற அமைப்பு, இன்று மேசையளவுக்குச் சுருங்கி, பொழுதுபோக்காக மரவேலை செய்பவர் வீட்டிற்கும் வந்துவிட்டது.

இயந்திரம் வந்த புதிதில், அரும்பாவூர்ச் சிற்பி ஒருவர் எனக்கு வாகைப் பலகை ஒன்றைக் கொடுத்தார். நன்கு உலர்ந்து, இழைத்து, எங்கும் ஒரே கனமாக இருந்த பலகை. அதில் எங்கள் ஊர்க் குன்றின் நினைவாக ஒரு கரும்பை நீளவாட்டில் செதுக்க விரும்பினேன். மேடைமீது ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது. மனநிறைவுடன் பலகையை இறுக்கி, இடது மூலையில் ஆழத்தின் தொடக்கப்புள்ளியைக் குறித்து, இயந்திரத்தை ஓடவிட்டேன். இடப்பக்கம் கணுக்கள் தெளிவாக, தடித்த கோடுகளாக எழுந்தன. வலப்பக்கம் போகப் போகக் கரும்பு மெலிந்தது. கடைசிக் கணுவில் கோடு நகக்கீறல் போல் தெரிந்தது. நல்ல பலகை வீணாயிற்று.

வெட்கத்துடன் அதைச் சிற்பியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணோரமாகப் பார்த்துவிட்டு, “தம்பி, பலகையைப் பார்த்தீர்கள்; அது உட்கார்ந்த இடத்தைப் பார்த்தீர்களா?” என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. உளி பிடித்த கை மரத்தைத் தொட்டு அறிகிறது. மரம் தாழ்ந்திருந்தால் கையும் தாழ்கிறது. இயந்திரத்திற்குக் கண்ணும் இல்லை, தொடுவுணர்வும் இல்லை. மரம் இருக்குமென்று நாம் சொன்ன உயரத்தில் அது இருப்பதாகவே கொண்டு வெட்டிச் செல்கிறது. நான் பயன்படுத்தியது 90 பாகைக் கூர்முனை. அது எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ, அதைப்போல் இரு மடங்கு அகலமான கோடு விழும். 3 மில்லிமீட்டர் ஆழத்திற்கு 6 மில்லிமீட்டர் அகலம். கரும்பின் தண்டை அவ்வாறு வரைந்திருந்தேன். ஆனால் மேடையின் வலக்கோடி, பாலம் ஓடும் பாதையைக் கணக்கிட்டால் 1.2 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. அங்கே ஆழம் 1.8 ஆகக் குறைந்தது, அகலம் 3.6 ஆகச் சுருங்கியது. கணுக்கோடுகளோ தொடக்கத்திலிருந்தே ஆழம் குறைந்தவை; ஆகவே அவை கீறலாகிவிட்டன.

அப்படியானால் ரசமட்டம் பொய் சொன்னதா? இல்லை. மேடை பூமிக்கு மட்டமாகவே இருந்தது. வெட்டுமுனை ஓடும் பாதைக்கு அது மட்டமாக இல்லை. இயந்திரத்திற்கு வேண்டியது இந்த இரண்டாவது மட்டமே. அந்த மட்டத்தைக் கடையில் விலைக்கு வாங்க முடியாது. அந்தந்த இயந்திரமே தனக்குத் தானே வெட்டிக்கொள்ள வேண்டும். அதற்காக மேடையின்மேல் பதிக்கப்படுவதே அடிப்பலகை. தச்சரின் பழைய துண்டைப்போல வெட்டுமுனையின் காயங்களை அது ஏற்றுக்கொள்கிறது. அத்துடன் வேலைக்குரிய தளமாகவும் நிற்கிறது.

இனி, அதைச் செய்யும் முறையைக் கூறுகிறேன். என் இயந்திரத்தின் பாதை 600 மில்லிமீட்டர் நீளமும் 400 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. அதே அளவில், 18 மில்லிமீட்டர் கனமுள்ள எம்.டி.எஃப். பலகையை அறுத்துக்கொண்டேன். மர இழைகளைப் பிசினுடன் கலந்து, சூடேற்றி அழுத்திச் செய்யும் பலகை இது. இதில் நார் ஓட்டமோ முடிச்சோ இல்லாததால் எங்கும் ஒரே சீராக வெட்டுப்படும். அளவு முக்கியம். வெட்டுமுனை எட்டாத அளவுக்குப் பலகை நீண்டிருந்தால், ஓரத்தில் வெட்டப்படாத விளிம்பு வரப்புப்போல் நிற்கும். பின்னர் அகலமான மரத்தை வைக்கும்போது அது அந்த வரப்பின்மேல் ஏறி நிற்கும். நடுவில் இடைவெளி விழும்.

பலகையை மேடையுடன் திருகுகளால் பிணைக்குமுன், இடையில் ஒரு தூசியும் இல்லாதபடி துடைத்துவிட வேண்டும். திருகின் தலை பலகையின் மேற்பரப்பிலிருந்து 8 மில்லிமீட்டர் கீழே புதைந்திருக்கும்படி குழி எடுத்தேன். பலகையைச் சீவச் சீவ மேற்பரப்பு இறங்கிக்கொண்டே வரும். ஒருநாள் வெட்டுமுனை எஃகுத் தலையில் மோதினால் முனை உடைந்து தெறிக்கும். கண்ணாடி அணியாதவர் கண்ணுக்கு அது ஆபத்து.

அடுத்து, சுழல்தண்டு செங்குத்தாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். தண்டில் ஒரு கையைப் பொருத்தி, அதன் நுனியில் வளைந்த கம்பியை மாட்டி, கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். கம்பியின் நுனி நான்கு திசையிலும் ஒரே அளவு இடைவெளியில் தளத்தைத் தடவிச் செல்ல வேண்டும். கம்பி சுற்றும் வட்டத்தின் விட்டம் 200 மில்லிமீட்டராக இருந்தால், தண்டு பாகையில் பத்தில் ஒரு பங்கு சாய்ந்திருந்தாலும் எதிரெதிர்ப் புறங்களில் 0.35 மில்லிமீட்டர் வேற்றுமை தெரியும். ஆனால் தளமே சாய்ந்திருக்கலாம் அல்லவா? ஆகவே இந்தச் சோதனையை ஒருமுறை சீவிய பிறகு மீண்டும் செய்வது நலம். சாய்வு இருந்தால் சீவிய பரப்பில் உழவுசால் போன்ற சிறு படிகள் விரலில் தட்டுப்படும்.

இப்போது பலகை முழுவதும் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இட வேண்டும். பல இடங்களில் வெட்டுமுனையை இறக்கிப் பார்த்து, மிக உயர்ந்த இடத்தைத் தொடக்கப்புள்ளியாகக் கொள்ள வேண்டும். தாழ்ந்த இடத்தைத் தொடக்கமாகக் கொண்டால், முனை உயர்ந்த இடத்தில் ஆழமாகப் பாய்ந்துவிடும். 25 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டை முனையை மாட்டினேன். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளி ஓடும்படி அமைத்தேன். ஏறத்தாழ 40 வரிகள். நிமிடத்திற்கு 2000 மில்லிமீட்டர் வேகம். ஒருமுறை சீவி முடிய 12 நிமிடத்துக்குச் சற்று மேலாகும். முறைக்கு 0.5 மில்லிமீட்டர் ஆழம் போதும்.

முதன்முறை சீவியபோது இடப்பக்கத்தில் ஐந்தில் இரண்டு பங்குக் கோடுகள் அழிந்தன. இரண்டாம் முறையில் ஐந்தில் நான்கு பங்கு. மூன்றாம் முறையில் ஒரு கோடும் எஞ்சவில்லை. பென்சில் கோடு எங்கே நிற்கிறதோ அங்கே பலகை தாழ்ந்திருக்கிறது என்று பொருள். இதைவிட எளிய அளவுகோல் வேறில்லை. 18 மில்லிமீட்டர் பலகை 16.5 ஆயிற்று.

ஓர் எச்சரிக்கை. இப்பலகையைச் சீவும்போது மாவு போன்ற நுண்ணிய தூள் பறக்கும். மரத்தூள் புற்றுநோய் விளைவிப்பது என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியது. தூசி உறிஞ்சியும் முகக்கவசமும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. மேலும், சீவிய பரப்பு ஈரத்தை எளிதில் குடித்து உப்பும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் ஒருமுறை சோதித்து, வேண்டுமானால் மீண்டும் சீவுவது நல்லது.

இவ்வாறு சீவிய பலகை உண்மையிலேயே சமதளம்தானா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பாலம் ஓடும் தண்டு சிறிது வளைந்திருந்தால், அந்த வளைவு அப்படியே பலகையிலும் பதியும். அதன்மேல் இறுக்கிய மெல்லிய மரமும் அதேபோல் வளையும். ஆகவே வெட்டின் ஆழம் சீராகவே அமையும். வேலை நன்றாக வந்ததைக் கொண்டு தளம் நேரானது என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தின என்பதே அதிலிருந்து தெரிவது.

இந்த நுட்பத்தை நன்கு விளக்கியவர் இங்கிலாந்து நாட்டு ஜோசப் விட்வொர்த். உண்மையான சமதளத்தை உண்டாக்கும் முறையைப் பற்றி அவர் 1840ஆம் ஆண்டில் அறிஞர் சபையொன்றில் கட்டுரை படித்தார். அம்முறைக்கு மூன்று தகடுகள் தேவை. இரண்டு தகடுகளை மட்டும் ஒன்றோடொன்று உரசிப் பொருத்தினால், ஒன்று மேடாகவும் மற்றது பள்ளமாகவும் இருந்தே கச்சிதமாகப் பொருந்திவிடலாம். மேடான தகட்டுக்குப் பொருந்துமாறு மூன்றாவது ஒன்றைச் செய்தால் அதுவும் பள்ளமாகும். இப்போது பள்ளமான இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஓரங்கள் மட்டுமே தொடும். பிழை வெளிப்பட்டுவிடும். மூன்றும் ஒன்றோடொன்று மாறி மாறிப் பொருந்தினாலன்றி எதுவும் சமதளம் ஆகாது. உங்களிடமுள்ள மூன்று மர அளவுகோல்களை இரண்டிரண்டாக விளிம்போடு விளிம்பு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒளி கசியும் இடம் உங்களுக்குப் பாடம் சொல்லும்.

என் அடிப்பலகை இப்போது 14 மில்லிமீட்டருக்கு வந்திருக்கிறது. அதன் முதுகெல்லாம் வெட்டுக்காயங்கள். இன்னும் 2 மில்லிமீட்டர் தேய்ந்ததும் வேறு பலகை மாற்றுவேன். திருகின் தலைக்கும் வெட்டுமுனைக்கும் இடையே அவ்வளவாவது இடம் இருக்க வேண்டும். சென்ற முறை அரும்பாவூர் சென்றபோது, புதிதாகச் செதுக்கிய கரும்பைச் சிற்பியிடம் காட்டினேன். அவர் முதல் கணுவிலிருந்து கடைசிக் கணுவரை கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய், இன்னொரு வாகைப் பலகையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.