கடலோரப் புல்வெளியும் ஊரார் உரிமையும்

கோல்ப் என்றதும் நம்மவர் உள்ளத்தில் எழுவது நுவரெலியாத் துரைமாரின் தோற்றமே. ஏழைகள் எட்டி நின்று பார்க்கும் செல்வர் விளையாட்டு என்றே நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை ஸ்கொத்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள சென் அன்றூஸ் நகரில் இறங்கினேன். 1413இல் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகத்தைக் காண்பதே என் நோக்கம். பந்தாட்டத்தில் எனக்கு நாட்டமில்லை.

நகரின் ஓரத்தே, கடலுக்கு அணித்தாகப் பழைய ஆடுகளம் பரந்து கிடந்தது. உலகப் புகழ் பெற்ற அக்களத்தில் மட்டை பிடித்தவர் ஒருவரையும் காணேன். தாய்மார் குழந்தைகளோடு உலாவினர். முதியோர் நாய்களோடு நடந்தனர். உள்ளே செல்லலாமோ என்று தயங்கி நின்ற என்னை ஒரு கிழவர் வியப்போடு நோக்கினார்.

“இது ஊராருடைய நிலம் அல்லவா? ஞாயிற்றுக்கிழமையில் ஆட்டம் இல்லை; யாரும் நடக்கலாம்” என்றார்.

அந்த விடையே இக்கட்டுரைக்கு வித்து.

இத்தகைய களங்களை ‘லிங்ஸ்’ என்பர். கடலுக்கும் கழனிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான மேடுபள்ள நிலத்துக்கு ஸ்கொத்லாந்து மக்கள் இட்ட பெயர் அது. நம் பண்டைப் புலவர் எக்கர் என்று பாடிய மணல்மேடுகள் வாசகர் நினைவுக்கு வரலாம். நீர் உடனே வடிந்துவிடுவதால் அந்நிலம் ஏருக்கு உதவாது. நுண்ணிய புல் மட்டும் செழிக்கும். ஆதலின் ஆடு மேய்க்கவும் பந்தாடவும் அது ஊரார்க்குப் பயன்பட்டது. காற்றுக்கு அஞ்சி ஆடுகள் ஒதுங்கிய பள்ளங்களே பின்னாளில் ஆட்டக்காரரை அச்சுறுத்தும் மணற்குழிகளாயின என்பர்.

1457இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னன் காலத்துப் பாராளுமன்றம், வில்வித்தைப் பயிற்சி கெடுகிறதென்று இவ்வாட்டத்தைத் தடைசெய்தது. மக்கள் விட்டாரில்லை. 1552இல் பேராயர் ஹமில்ரன் வழங்கிய பட்டயம், இந்நிலத்தில் ஆடும் உரிமை நகரத்தாருக்கு உண்டென ஒப்புக்கொண்டது. 1764இல் 22 குழிகள் 18 ஆகக் குறைக்கப்பட்டன. இன்று உலகெங்கும் வழங்கும் கணக்கு அங்குதான் பிறந்தது.

ஆயினும், 1797இல் கடன்பட்டு நொடித்த நகரசபை அந்நிலத்தை விற்றுவிட்டது. வாங்கிய வணிகர் அங்கே முயல் வளர்க்கலாயினர். முயல்கள் புல்வெளியெங்கும் வளை தோண்டின. ஊரார் கொதித்தெழுந்தனர்; வழக்கும் கைகலப்பும் ஆண்டுக்கணக்கில் நீண்டன. 1821இல் ஜேம்ஸ் சீப் என்னும் நிலக்கிழார் அதை வாங்கி ஆட்டத்துக்கு மீட்டார். 1894இல் பாராளுமன்றச் சட்டத்தின் வழி நிலம் மீண்டும் நகரத்தின் கைக்கு வந்தது. 1974 முதல் ஒரு பொறுப்பாட்சி மன்றம் அதனைப் பரிபாலிக்கின்றது. இன்றும் பழைய களத்தில் ஆட விரும்புவோர் பலருக்குத் திருவுளச்சீட்டே வாயிலைத் திறக்கின்றது.

அக்கரையில் வேறு புகழ்க்களங்களும் உள. கார்னூஸ்ரியில் 1953இல் அமெரிக்கரான பென் ஹோகன் தாம் பங்குபற்றிய ஒரேயொரு பிரிட்டிஷ் திறந்த போட்டியிலேயே வாகை சூடினார். 1999இல் அதே களத்தில், மூன்று அடிகள் முந்தி நின்ற பிரெஞ்சு வீரர் வான் டி வெல்டே, கடைசிக் குழியில் ஓடையிற் பந்தை வீழ்த்தி, கைக்கெட்டிய வெற்றியை வாய்க்கெட்டாமல் இழந்தார்.

எல்லாம் நல்லனவே என்று கூறேன். மியூர்பீல்ட் களத்துக்குரிய கழகத்தின் முன்னோரே 1744இல் இவ்வாட்டத்துக்கு முதன்முதல் எழுத்து விதிகள் வகுத்தனர். அத்தகைய கழகம் 2017இலேதான் பெண்களை உறுப்பினராக ஏற்க இசைந்தது. வடக்கேயுள்ள மொன்றோசிலோ கடலே பகையாகி, தொன்மையான களத்தின் கரையை அரித்து விழுங்குகின்றது. மனிதரிடமிருந்து மீட்ட நிலத்தைக் கடலிடமிருந்து மீட்பது எவ்வாறு?

நான் பிறந்த ஊரிலும் கடலோரத்தே ஒரு வெளி இருந்தது. அங்கே வலை உலர்ந்தது. மாலையில் நாங்கள் கிளித்தட்டு மறித்தோம். இன்று அதைச் சுற்றி முட்கம்பி வேலி நிற்கின்றது. அது யாருடைய வெளி என்று அந்நாளில் எவரும் வினவியதில்லை. எல்லாருக்கும் உரியதென்றே இருந்துவிட்டோம். எழுதிவைக்கப் பட்டயமும் இல்லை, வேலி எழுந்தபோது வழக்காட ஆளும் இல்லை.

சென் அன்றூஸ் ஊரார் ஒருமுறை தம் நிலத்தை இழந்தவர்கள்தாம். ஆயினும் அது தமதென்பதை அவர்கள் மறக்கவில்லை. அன்று அந்தக் கிழவரோடு சிற்றோடைக் கற்பாலம் வரை நடந்தேன். விடைபெறும்போது, “உங்கள் ஊரிலும் இப்படியொரு வெளி உண்டா?” என்று கேட்டார்.

“இருந்தது” என்றேன்.