அனுமதிப்பத்திரக் காணி: உங்களுக்குப் பின் உரித்து யாருக்கு?

கமக்காரர் ஒருவர் வரம்பு கட்டுகிறார், வாய்க்கால் வெட்டுகிறார், விதைநெல்லைப் பேணி வைக்கிறார். தமக்குப் பின் அக்காணியை உழப்போகின்றவர் யார் என்பதை மட்டும் எழுத்தில் வையாது விட்டுவிடுகிறார். அரசாங்கக் குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்றோருக்கு இக்கவனக்குறைவு பெருந்தீங்கு விளைவிக்கும்.

உங்கள் காணி எவ்வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். முதுசக் காணியும் சீதனக் காணியும் தனியார் உடைமை. அவை பொதுவான உரிமைச் சட்டத்தின்படியோ, தேசவழமைக்கு உட்பட்டோராயின் தேசவழமையின்படியோ பிள்ளைகளைச் சேரும். 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ பெற்ற காணி அவ்வாறன்று. டீ. எஸ். சேனநாயக்கா விவசாய, காணி அமைச்சராயிருந்த காலத்தில் இச்சட்டம் இயற்றப்பட்டது. வயல் துண்டு துண்டாகி ஒருவருக்கும் பயன்படாது போவதைத் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. எனவே எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு என்னும் வழக்கம் இக்காணிக்குப் பொருந்தாது.

வாழ்க்கைத்துணையின் உரிமை

காணிக்காரர் இறந்தால், பின்னுரித்தாளராக நியமிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், அவருடைய மனைவி அல்லது கணவனே முதலில் அக்காணிக்கு உரித்துடையவர். ஆயினும் இவ்வுரிமை எல்லைக்குட்பட்டது. அவர் காணியில் இருந்து பயிர் செய்யலாம். விற்கவோ வேறு வகையில் கைமாற்றவோ முடியாது. தாமாக வேறொரு பின்னுரித்தாளரை நியமிக்கவும் முடியாது. அவர் மறுமணஞ் செய்தால் அல்லது இறந்தால், காணி முதலாமவர் நியமித்தவரைச் சேரும். விவாகப் பதிவு இல்லாதவிடத்து வாழ்க்கைத்துணை என்பதை மெய்ப்பித்தல் கடினம் என்பதையும் மனத்திற் கொள்க.

பின்னுரித்தாளர் நியமனம்

உங்கள் வாழ்க்கைத்துணையையோ, சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிற் குறிக்கப்பட்ட உறவினர் ஒருவரையோ நியமிக்கலாம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் முதலியோர் அவ்வட்டவணையில் அடங்குவர். அயலவரையோ நண்பரையோ நியமிக்க முடியாது. நியமனப் பத்திரத்தை விதிக்கப்பட்ட படிவத்தில் எழுதி, உரிய உத்தியோகத்தர் முன் கையொப்பமிட்டு, அதற்குரிய பதிவேட்டிற் பதிவித்தல் வேண்டும். நீங்கள் உயிரோடிருக்கும்போதே அது பதியப்பட்டிருத்தல் அவசியம். பதியாது பெட்டியில் வைத்த பத்திரம் உங்களுக்குப் பின் செல்லாது. மனம் மாறினால் அந்நியமனத்தை இரத்துச் செய்து வேறொருவரை நியமிக்கலாம். அதனையும் பதிவித்தல் வேண்டும்.

நியமனம் இல்லாவிடின்

ஓர் உதாரணம் கொள்வோம். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் பெற்ற ஒருவர் நியமனம் எதுவுஞ் செய்யாது 2010 இல் காலமானார். மூத்த மகன் கொழும்பில் உத்தியோகம் பார்க்கிறார். தகப்பனோடு சேற்றில் இறங்கி வயல் செய்தவர் இளைய மகள். தாய் இருக்கும்வரை பிணக்கில்லை. தாய் 2015 இல் இறந்தார். அன்றைய சட்டத்தின் ஒழுங்கில் மகன்மார் மகள்மாருக்கு முந்தியவர்கள். மகன்மாருள் மூத்தவர் முந்தியவர். எனவே வயலை ஒருநாளும் உழாத மகனுக்கு உரித்துச் சென்றது. உழுத மகள் வெறுங்கையோடு நின்றார். தகப்பன் உயிரோடிருந்தபோது ஒரு படிவத்தை எழுதிப் பதிந்திருந்தால் இவ்விடர் நேர்ந்திராது.

ஆணுக்கு முதலிடம் அளித்த அவ்விதி 2022 ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீக்கப்பட்டது. ஆயினும், உங்கள் எண்ணப்படி காணி சேரவேண்டுமாயின் நியமனமே உறுதியான வழி.

ஆறு மாதத் தவணை

வாழ்க்கைத்துணையாயினும் நியமிக்கப்பட்டவராயினும், தமக்கு உரித்து ஏற்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துள் காணியைப் பொறுப்பேற்றல் வேண்டும். தவறினால் உரித்து இழக்கப்படும். ஒரு காலபோகம் விதைத்து அறுவடை செய்து முடிவதற்குள் இத்தவணையின் பெரும்பகுதி கழிந்துவிடும். ஆகையால் துக்க வீட்டின் கடமைகள் முடிந்ததும் காலந்தாழ்த்தாது பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் அறிவித்து, அறிவித்தலின் பிரதியொன்றைத் தம்மிடம் வைத்திருத்தல் நன்று.

நீங்கள் செய்யவேண்டியவை

1. அனுமதிப்பத்திரத்தை அல்லது அளிப்புப் பத்திரத்தை எடுத்து, அதில் யாருடைய பெயர் உள்ளதெனப் பாருங்கள். பாட்டனார் பெயரிலேயே இன்னும் இருந்தால் முதலில் அதனைச் சீர்செய்யுங்கள்.

2. பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குச் சென்று, நியமனம் பதியப்பட்டுள்ளதா என விசாரியுங்கள்.

3. நியமிக்கப்பட்டவர் இறந்திருந்தால் புதியவரை நியமியுங்கள்.

4. விவாக, பிறப்புப் பதிவுப் பத்திரங்களைக் காணிப் பத்திரத்தோடு ஒன்றாகப் பேணுங்கள். அவை இருக்குமிடத்தை வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள்.

நிபந்தனையற்ற முழு உரித்துப் பத்திரம் பெற்றோருக்கு இவ்விதிகள் பொருந்தா. உங்கள் பத்திரம் எத்தகையது என்பதில் ஐயமிருந்தால், அதனையும் எடுத்துக்கொண்டு காணி உத்தியோகத்தரைக் காணுங்கள். அடுத்த போகத்துக்கு வயலிற் கால் வைக்குமுன் இவ்வலுவலை முடித்துவிடுங்கள்.