பீடிஎப் கேட்டார்கள், படம் பிடித்து அனுப்பினேன்

நோன்பு காலத்தை முன்னிட்டு பேரீத்தம்பழம் எடுப்பது எனக்கு நெடுநாள் வியாபாரம். மொத்தமாக எடுத்து அரைக்கிலோப் பெட்டிகளில் அடைத்து, எமது கடைப் பெயரில் லேபல் சுற்றிக் கொடுப்போம். சில வருடங்களுக்கு முன், பழைய லேபலை மாற்றிப் புதிதாகச் செய்வோம் என்று ஆசைப்பட்டேன். எமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பிள்ளை டிசைன் படித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை செய்து வந்தான். அவனிடம் கொடுத்தேன். பத்து நாள் எடுத்தான். மாஷா அல்லாஹ், நல்ல வேலை. கம்பியூட்டரில் பார்த்தபோது எனக்கே எமது கடைதானா இது என்று தோன்றியது.

நோன்பு பிறக்க மூன்று வாரம் இருக்கும்போது 6,000 லேபல் அச்சிட்டு வந்தது. பெட்டியைத் திறந்த உடனேயே மனம் சோர்ந்துவிட்டது. பச்சை நிறம் காய்ந்த வாழையிலை மாதிரி. சின்ன எழுத்தெல்லாம் மங்கல். நேரம் இல்லாததால் அதையே சுற்றி அனுப்பினோம். இரண்டு நாளில் சுப்பர் மார்க்கெட்டிலிருந்து பெட்டிகள் திரும்பி வந்தன. பார்கோட் வாசிக்கவில்லையாம்.

நான் செய்த முதல் வேலை, அந்தப் பிள்ளையின் மீதிக் கூலியை நிறுத்தியது. இரண்டாவது வேலை, அவனைக் கடைக்குக் கூப்பிட்டு ஆட்களுக்கு முன்னால் ஏசியது. அவன் லேபலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "மாமா, நான் தந்த பைல் இது இல்லயே" என்றான். நான் நம்பவில்லை. அவன் அதிகம் பேசவுமில்லை, போய்விட்டான்.

அந்த பைல் என்ன ஆனது என்பதை நான் விளங்கிக் கொள்ள ஒன்றரை மாதம் ஆயிற்று. எம்மில் அநேகர் வருடத்தில் ஒரு தடவையாவது பில் புத்தகம், லேபல், விசிட்டிங் கார்ட், கலண்டர், பெனர் என்று ஏதோ ஒன்றை அச்சிடுகிறோம். அதனால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். பிள்ளை எனக்கு முறையான பீடிஎப் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தான். அதை அச்சகத்துக்கு அனுப்பினேன். மறுநாள் அங்கிருந்து அழைப்பு. "ஹாஜியார், பைல தெறந்தா எழுத்தெல்லாம் மாறுது. ஜேபெக் ஒண்டு வாட்ஸ்அப்புல போடுங்க, சரிவரும்." எனக்கு ஜேபெக் என்றால் படம் என்ற அளவுக்குத் தெரியும். பீடிஎப்பை டெலிபோனில் திறந்தேன், திரையைப் படம் பிடித்தேன், அனுப்பினேன். அரை நிமிட வேலை. கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்துவிட்டதாக வேறு நினைத்துக் கொண்டேன்.

இப்பொழுது கணக்கைப் பாருங்கள். கம்பியூட்டரில் உள்ள படம் என்பது பிக்சல் எனப்படும் நிறப்புள்ளிகளால் ஆனது. கையில் வைத்துப் பார்க்கும் அச்சு வேலைக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது அச்சுத் தொழிலில் பொது வழக்கு. எனது லேபல் 12 அங்குல நீளம். ஆக 3,600 புள்ளி தேவை. எனது டெலிபோன் திரையின் அகலம் 1,080 புள்ளி. அதை 12 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 90 புள்ளிதான் மிஞ்சும். அதுவும் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும் முன்னர். அதே வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக, அதாவது டொகியுமென்ட் என்ற வழியால் அனுப்பினால் பைல் உள்ளபடியே போய்ச் சேரும். இந்தச் சின்ன வித்தியாசம் தெரியாமல் நஷ்டப்பட்ட வியாபாரி நான் ஒருவன் மட்டுமல்ல.

பார்கோட் கதை இதைவிட மோசம். நாம் பெட்டிகளில் போடும் 13 இலக்க பார்கோட்டின் வழமையான அகலம் 37 மில்லிமீற்றர் சொச்சம். இரு பக்கத்து வெற்றிடத்தையும் சேர்த்தால் அந்த அகலத்துக்குள் 113 மெல்லிய பகுதிகள் இருக்க வேண்டும். அங்குலத்துக்கு 90 புள்ளி என்ற கணக்கில் எனது லேபலில் அந்த இடத்துக்குக் கிடைத்தவை சுமார் 132 புள்ளிகள். ஒரு கோட்டுக்கு ஒரு புள்ளியும் கொஞ்சமும். கோடு எது, இடைவெளி எது என்று இயந்திரம் எப்படிப் பிரித்தறியும்? இது போதாதென்று கோடுகள் கறுப்பு மையில் மட்டும் அச்சாகாமல் நான்கு மைகளும் கலந்து அச்சாகியிருந்தன. ஒரு மை மயிரளவு விலகினாலும் கோட்டின் ஓரம் கலங்கிவிடும்.

நான்கு மை என்றதும் பச்சை நிறத்தின் கதைக்கு வருகிறேன். கம்பியூட்டரும் டெலிபோனும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகின்றன. இதை ஆர்ஜிபி என்பார்கள். அச்சு இயந்திரத்தில் ஒளி கிடையாது, மைதான். வெளிர்நீலம், செங்கருநீலம், மஞ்சள், கறுப்பு என நான்கு. இது சிஎம்வைகே. ஒளியில் பளிச்சென்று தெரியும் சில பச்சைகளும் நீலங்களும் ஆரஞ்சுகளும் மையில் பிறக்கவே மாட்டா. டிசைன் செய்பவர் ஆரம்பத்திலேயே மைக் கணக்கில் வேலை செய்திருந்தால், கிடைக்கக்கூடிய நிறத்தைத்தான் தெரிவு செய்திருப்பார். எனது பிள்ளை அப்படித்தான் செய்திருந்தான். நான் திரையைப் படம் பிடித்தவுடன் அவனுடைய மைக் கணக்கு முழுவதும் அழிந்து மறுபடி ஒளிக் கணக்காகிவிட்டது. அச்சகத்து மெஷின் தனக்குத் தெரிந்தவாறு அதைத் திருப்பி மையாக்கியது. வாழையிலை காய்ந்தது அங்கேதான். கடையின் நிறம் ஒரு நூல் பிசகாமல் வர வேண்டுமென்றால் பென்டோன் என்ற இலக்கமிட்ட மை முறை உண்டு. 1963இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதற்குத் தனி மை, தனித் தட்டு, தனிச் செலவு. எங்களைப் போன்றவர்களுக்கு எப்போதும் கட்டாது.

இனி பீடிஎப் என்பதற்கு வருவோம். 1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட இந்த முறை, 2008இல் சர்வதேச நியமமாக ஏற்கப்பட்டது. எந்தக் கம்பியூட்டரில் திறந்தாலும் ஒரே மாதிரித் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். எழுத்துருவும் படமும் கோடுகளும் ஒரே பொதிக்குள் இருக்கும். அச்சுக்கென்றே பீடிஎப் எக்ஸ் என்று ஒரு கண்டிப்பான வகையும் உண்டு. ஆனால் பொதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உள்ளே போட்ட சாமான்தான் வெளியே வரும். பேஸ்புக்கிலிருந்து எடுத்த 200 புள்ளி இலச்சினையை வேர்ட்டில் ஒட்டி, அதைப் பீடிஎப் ஆக்கிவிட்டு, "பீடிஎப்தானே தந்தேன்" என்று சண்டை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் பைலின் பெயரில் இருந்த ஜேபெக் என்பதை அழித்து பீடிஎப் என்று தட்டிவிட்டு அனுப்பியதாகவும் கேள்விப்பட்டேன். சீனி மூட்டையின் மேல் அரிசி என்று எழுதுவது மாதிரி.

இலச்சினைக்கு உரியது வெக்டர் என்னும் வகை. அதில் புள்ளிகள் கிடையா; கோடு எங்கே தொடங்கி எப்படி வளைந்து எங்கே முடிகிறது என்ற கணக்கு மட்டுமே இருக்கும். அதனால் விசிட்டிங் கார்ட்டிலும் கடைப் பலகையிலும் ஒரே கூர்மையாக நிற்கும். இலஸ்ட்ரேட்டர், கோரல் ட்ரோ போன்ற மென்பொருள்களில் செய்யப்படுபவை இவ்வகை. ஜேபெக் என்பது புகைப்படத்துக்காக வந்தது. இடத்தை மிச்சப்படுத்த, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத விபரங்களை விட்டுவிடும். திரும்பத் திரும்பத் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போகும். பேரீத்தம்பழத்தின் படத்துக்கு அது போதும். எழுத்துக்கும் பார்கோட்டுக்கும் உதவாது.

அப்படியானால் அச்சகத்தார் ஏன் ஜேபெக் கேட்டார்? பின்னர் நான் அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்கே போனேன். அங்கே கம்பியூட்டரில் இருந்த தம்பி எங்கள் பீடிஎப்பை மீண்டும் திறந்து காட்டினார். பீடிஎப்பைப் பார்க்கும் மென்பொருளில் திறக்கவில்லை. ஒரு பழைய கோரல் ட்ரோவில் திறந்தார். அது பீடிஎப்பைப் பிரித்து மறுபடி திருத்தக்கூடிய வேலையாக மாற்றப் பார்க்கிறது. அப்போது அந்தக் கம்பியூட்டரில் எங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்றைப் போட்டுவிடும். தமிழுக்கும் சிங்களத்துக்கும் இதில் இரட்டைச் சோதனை. நம் நாட்டில் பலகாலம் பாவனையில் உள்ள பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றது. எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்றும் ஓர் அரைப்புள்ளியாகவும் நிற்கும். யுனிகோட்டில் தட்டியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பழைய மென்பொருள்களில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அச்சகத்துத் தம்பி தமிழ் வாசிக்கத் தெரியாதவராக இருந்தால் பிழையைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

"எழுத்த கேர்வ் பண்ணித் தந்தா எங்களுக்குப் பிரச்சினையே இல்ல" என்றார் அவர். கேர்வ் என்றால் எழுத்துக்களைக் கோடுகளாக மாற்றிவிடுவது. பிறகு எழுத்துரு தேவையில்லை, எழுத்தும் மாறாது. ஆனால் விலையையோ திகதியையோ அதில் தட்டித் திருத்தவும் ஏலாது. ஆகவே திருத்தக்கூடிய பிரதி ஒன்றைக் கட்டாயம் தனியாக வைத்திருக்க வேண்டும்.

பிள்ளைக்குக் கோபம். "பீடிஎப்ப அப்படியே ப்ளேட்டுக்கு அனுப்பியிருக்கலாம், ஏன் கோரல்ல தெறக்கணும்?" என்று கேட்டான். அச்சகத்துத் தம்பிக்கும் அவர் பக்கத்து நியாயம் இருந்தது. ஒரு பெரிய தாளில் பல லேபல்களை அடுக்க வேண்டும். வருபவற்றில் கூடுதலானவை டெலிபோனில் எடுத்த படங்கள். ஓரத்தில் வெட்டுக்கு மேலதிக இடம் விட்டிருக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் தானே திருத்திப் பழகிவிட்டார். டிசைனர் என்றால் படம் கீறுபவர், அச்சு தெரியாதவர் என்பது அவரது எண்ணம். அச்சகத்தார் என்றால் இருபது வருடத்துக்கு முந்திய மென்பொருளை விடாதவர் என்பது பிள்ளையின் எண்ணம். இருவருக்கும் இடையில் எதுவுமே தெரியாமல் பைலைச் சுமந்து போகும் தபால்காரன் நான். இருவரையும் ஒரு தடவை டெலிபோனில் பேச வைத்திருந்தால் எனக்கு அந்த நோன்பில் நிம்மதி இருந்திருக்கும்.

வெட்டு இடம் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். தாளை அடுக்கி வெட்டும்போது கத்தி ஒரு மில்லிமீற்றராவது விலகும். அதற்காகப் பின்னணி நிறத்தை வெட்டுக் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீற்றர் நீட்டி வைப்பார்கள். இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியும். அதேபோல முக்கிய எழுத்தை ஓரத்தோடு ஒட்டி வைக்கவும் கூடாது. டெலிபோன் நம்பரின் கடைசி இலக்கம் வெட்டுப்பட்ட விசிட்டிங் கார்ட்களை நான் பார்த்திருக்கிறேன். பெனருக்கு மட்டும் 300 புள்ளிக் கணக்கு தேவையில்லை. தூரத்திலிருந்து பார்ப்பதால் உண்மையான அளவில் 100 புள்ளி இருந்தாலே போதும். 20 அடிப் பெனருக்கு 300 கேட்டுப் பிள்ளைகளை வதைக்க வேண்டாம்.

பார்கோட் போடும் வர்த்தகர்களுக்கு இன்னும் இரண்டு சொல். வழமையான அளவின் 80 சதவீதத்துக்குக் கீழே அதைச் சுருக்க வேண்டாம். சிவப்பு நிறத்தில் கோடு போடவே வேண்டாம். கடைகளில் உள்ள வாசிப்பான்கள் பெரும்பாலும் சிவப்பு ஒளியால் பார்ப்பவை, சிவப்புக் கோடு அவற்றுக்கு வெள்ளையாகத் தெரியும். 479 என்று தொடங்கும் இலக்கம் இலங்கையில் பதிந்த நிறுவனத்துடையது என்பதையே காட்டும், சாமான் இங்கே விளைந்தது என்று அல்ல. எனது பேரீத்தம்பழப் பெட்டியைப் பார்த்து, "ஹாஜியார், இது எங்கட ஊர்ப் பழமா?" என்று கேட்டவரும் உண்டு.

டிசைனரிடம் வேலை கொடுக்கும்போதே எந்த பைல்கள் எமக்குக் கிடைக்கும் என்று பேசிக் கொள்ள வேண்டும். வேலை முடிந்த பிறகு 'ஒரிஜினல் பைலைத் தா' என்று கேட்டால் சிலர் தயங்குவார்கள். அதை எடுத்துக்கொண்டு போய் வேறொருவரிடம் மலிவாகத் திருத்துவோம் என்ற பயம். அந்தப் பயத்தில் பிழையில்லை, நாம் அப்படிச் செய்கிறவர்கள்தானே. அதற்கென்று ஒரு தொகை பேசி, கொடுத்து வாங்குவதே நீதி. கோரல் ட்ரோவில் செய்ததென்றால், அச்சகத்தில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று கேட்டு அதற்கேற்பச் சேமிக்கச் சொல்லுங்கள். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழையது திறக்காது.

புரூப் பார்க்காமல் ஒருபோதும் அச்சிட விட வேண்டாம். திரையில் அல்ல, தாளில். எழுத்தை நீங்கள் வாசியுங்கள், தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள், பார்கோட்டைப் பக்கத்துக் கடை மெஷினில் பிடித்துப் பாருங்கள். பிறகு திகதியிட்டுக் கையொப்பம் வையுங்கள். அந்த வருடம் நான் நேரமில்லை என்று புரூப் கேட்கவில்லை. மிச்சம் பிடித்த அந்த ஒரு நாளுக்காக, கடைப் பிள்ளைகளும் நானும் தராவீஹுக்குப் பின் இரவிரவாக இருந்து மூன்று நாள் சின்ன பார்கோட் ஸ்டிக்கர்களைப் பழைய கோட்டின் மேல் ஒட்டினோம்.

அச்சகத்திலிருந்து திரும்பிய அன்றே அஸருக்குப் பின் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். மீதிக் கூலியைக் கொடுத்தேன். கடையில் யார் யார் முன்னால் ஏசினேனோ அவர்களுக்கு முன்னாலேயே நடந்ததைச் சொல்லியும் விட்டேன். அவன் வாப்பா தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். பிள்ளை உள்ளே போய் ஒரு பென் ட்ரைவைக் கொண்டு வந்து தந்தான். திறந்து பார்த்தால் மூன்று போல்டர்கள். ஒன்றில் 'அச்சகத்துக்கு', ஒன்றில் 'திருத்துவதற்கு', மூன்றாவதில் 'வாட்ஸ்அப்புக்கு மாத்திரம், மாமா' என்று எழுதியிருந்தது.