பாஸ்கா இரவின் தென்வானம்

ஈஸ்டர் எனப்படும் உயிர்ப்புப் பெருவிழா, கிறிஸ்துமஸைப் போல ஒரே தேதியில் நிலைகொள்ளாமல் ஆண்டுதோறும் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே நகர்ந்து வருவதற்கு வானமே காரணம். இரவும் பகலும் ஏறத்தாழச் சமமாகும் நாளை மார்ச் 21 என்று வைத்துக்கொள்ளும் திருச்சபை, அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முதல் முழுநிலவைக் கணக்கிட்டு, அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையை விழா நாளாகக் குறிக்கிறது. 2024-ஆம் ஆண்டில் பௌர்ணமி மார்ச் 25, திங்கட்கிழமை வந்ததால் ஈஸ்டர் மார்ச் 31-ஆம் தேதி அமைந்தது. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல இக்கணக்கு பருவத்தோடு ஒட்டாமல் விலகியதால், திருத்தந்தை 13-ஆம் கிரகோரி 1582-இல் பத்து நாட்களை நீக்கி நாட்காட்டியைத் திருத்தினார். இன்று உலகம் முழுவதும் வழங்கும் நாட்காட்டி, ஒரு திருவிழாவின் நிலவைச் சரியாகக் கணிக்க வேண்டும் என்ற அக்கறையில் பிறந்ததாகும்.

அந்த விழாவின் முந்தைய இரவு பாஸ்கா திருவிழிப்பு எனப்படுகிறது. கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஆண்டிமடம் வட்டாரத்தில், வரதராசன்பேட்டை, தென்னூர் போன்ற கத்தோலிக்க ஊர்களில், முந்திரிக் கொல்லைகளில் அறுவடை நடக்கும் பருவத்திலேயே இந்த இரவு வருகிறது. கோவிலின் விளக்குகள் அணைக்கப்பட்டு, வாசலில் புதிய தீ மூட்டப்பட்டு, அத்தீயிலிருந்து பாஸ்காத் திரி ஏற்றப்பட, அதன் சுடர் கைமாறிக் கைமாறி ஒவ்வொருவருடைய மெழுகுதிரிக்கும் வந்து சேர்கிறது. எரியும் திரியைக் கையில் ஏந்தியபடி அனைவரும் தங்கள் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பித்துக்கொள்கின்றனர். குழந்தைப் பருவத்தில் தமக்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் சொன்ன சொற்களை இப்போது தாமே சொல்கின்றனர்.

பல ஆண்டுகளாகக் கோவில் வாசலை மிதிக்காத ஒருவர் முதுமையில் நம்பிக்கைக்குத் திரும்பும்போது, இந்த இரவு அவருக்கு இயல்பான நுழைவாயிலாக அமைகிறது. திருமுழுக்கு வாழ்வில் ஒருமுறையே தரப்படுவதால் அவர் மீண்டும் அதைப் பெற வேண்டியதில்லை. முதியோர் பாவசங்கீர்த்தனம் என்றே இன்றும் சொல்லும் ஒப்புரவு அருட்சாதனத்தின் வழியே, அதாவது குருவிடம் குற்றங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதன் வழியே, அவர் திரும்பி வரலாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்கா காலத்தில் நற்கருணை பெற வேண்டும் என்பது திருச்சபைக் கட்டளை என்பதால், பாஸ்காவுக்கு முந்தைய தவக்காலமே அத்தகைய திரும்புதலின் பருவமாகிறது.

வயது ஏற ஏற மனம் இவ்வாறு விரிவதைச் சமூகவியலும் கவனித்திருக்கிறது. சுவீடன் நாட்டு அறிஞர் லார்ஸ் தோர்ன்ஸ்டாம் 1989-இல் முன்வைத்த முதுமை பற்றிய கோட்பாட்டின்படி, பொருள், பதவி, பிறர் மதிப்பு ஆகியவற்றில் ஊன்றியிருந்த பார்வை முதுமையில் பலருக்கு மெல்லத் தளர்ந்து, முன்னோரோடும் வருங்காலத் தலைமுறையோடும் பேரண்டத்தோடும் தாம் பிணைந்திருக்கும் உணர்வு வலுப்பெறுகிறது. பேரண்டம் விரியும் வேகத்தை அளப்பதற்கு வாழ்நாளைச் செலவிட்ட அமெரிக்க வானியலாளர் ஆலன் சாண்டேஜ், நடுவயதைக் கடந்த பின்னர் கிறிஸ்தவ நம்பிக்கையை ஏற்றுக்கொண்டதையும் இங்கு நினைக்கலாம்.

பாஸ்கா இரவில் கோவிலுக்கு வெளியே வந்து தெற்கே நோக்குவோருக்கு மற்றொரு சிலுவையும் காத்திருக்கிறது. நான்கு ஒளிமிக்க விண்மீன்களால் ஆன தென்சிலுவை, நம் நாட்டுப் பழைய வழக்கில் திரிசங்கு எனப்படுவது, மார்ச் இறுதியில் நள்ளிரவை ஒட்டியும் ஏப்ரல் பிற்பகுதியில் இரவு பத்தரை மணியளவிலும் தென்வானில் நிமிர்ந்து நிற்கும். ஆண்டிமடம் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே பதினொரு பாகைக்குச் சற்று மேல் அமைந்திருப்பதால், அது அடிவானிலிருந்து ஏறத்தாழ 18 பாகை உயரத்தில், அதாவது நீட்டிய கையின் இரண்டு முட்டி அளவுக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் தென்படும். இதே மறைமாவட்டத்தின் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து ‘தேம்பாவணி’ பாடிய வீரமாமுனிவர் 1680-இல் பிறந்த இத்தாலிய ஊரிலிருந்து, ஆண்டின் எந்த இரவிலும் இக்கூட்டத்தைக் காண இயலாது.

சிலுவைக்கு இடப்புறம், கிழக்கே, அதைச் சுட்டிக்காட்டுவது போல இரண்டு ஒளிமிக்க விண்மீன்கள் உள்ளன. அவற்றுள் சிலுவைக்குத் தொலைவில் இருப்பது ஆல்பா சென்டாரி. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு வால்விண்மீனைத் தொலைநோக்கியால் ஆராய்ந்துகொண்டிருந்த இயேசு சபைக் குரு ழான் ரிஷோ, வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவ்விண்மீன் உண்மையில் இரண்டு என்பதைக் கண்டறிந்தார். தமிழ் மண்ணில் தொலைநோக்கியால் நிகழ்ந்த மிகத் தொடக்ககாலக் கண்டுபிடிப்புகளுள் ஒன்று இவ்வாறு ஒரு குருவின் கண்களுக்கு வாய்த்தது. அவ்விரு விண்மீன்களும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகின்றன. அவற்றின் ஒளி நம்மை அடைய நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆவதால், இன்றிரவு காண்பது அவற்றின் கடந்தகாலத் தோற்றமே.

இந்த வானத்தை ஊர் மக்கள் ஒன்றுகூடி, விவரம் அறிந்த ஒருவர் விளக்க, பார்ப்பதே வான்நோக்கு நிகழ்ச்சி ஆகும். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் இத்தகைய நிகழ்ச்சிகளைப் பள்ளித் திடல்களுக்கும் தெருமுனைகளுக்கும் கொண்டு சென்றுள்ளன. கிறிஸ்துமஸுக்கு மறுநாளான 2019 டிசம்பர் 26-ஆம் தேதி திருச்சி, கரூர், திண்டுக்கல் பகுதிகளில் வளைய வடிவில் தெரிந்த சூரிய கிரகணத்தையும், 2020 டிசம்பர் 21-ஆம் தேதி வியாழனும் சனியும் ஒட்டி நின்ற காட்சியையும் மக்கள் ஆர்வத்தோடு கண்டனர். பின்னதைப் பலர் பெத்லகேம் விண்மீனோடு இணைத்துப் பேசினர். கிறிஸ்து பிறப்பை ஒட்டிய காலத்தில் நிகழ்ந்த இத்தகைய கோள் சேர்க்கையை 17-ஆம் நூற்றாண்டிலேயே வானியலாளர் கெப்ளர் கணித்திருந்தார்.

ஒரு பங்கு இத்தகைய நிகழ்ச்சியை முதியோருக்காக நடத்தப் பெரும் செலவு தேவையில்லை. இருளுக்குக் கண் பழக அரைமணி நேரமாவது ஆகும், முதியோருக்கு அது இன்னும் கூடும் என்பதால், அவசரமின்றி அமர நாற்காலிகளும், தெருவிளக்கு மறைந்த ஓர் இடமும், சிறிய தொலைநோக்கி ஒன்றும் போதும். அண்டை வீட்டுக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் குழுக்கள் இதை எளிதில் ஏற்று நடத்த இயலும். ஆறாமீனையும் விடிவெள்ளியையும் பார்த்துப் பொழுது கணித்த தலைமுறை அது என்பதால், அங்கே முதியோர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க மாட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுத் தரவும் அவர்களிடம் செய்தி உண்டு.

விண்மீன்கள் கடவுளை மெய்ப்பிப்பதில்லை. நான்கு விண்மீன்கள் சிலுவையாகத் தோன்றுவது பூமியிலிருந்து பார்க்கும் கோணத்தால் மட்டுமே. ஆனால் திருவிழிப்பும் வான்நோக்கும் மனிதரிடம் ஒன்றையே கேட்கின்றன: விளக்கை அணைத்து, பிறரோடு சேர்ந்து, பொறுமையோடு விழித்திருக்க வேண்டும். எண்பது வயதில் அந்த இரவுக்கு வரும் ஒருவர், தாம் பிறந்த நாளிலிருந்து அவ்விரட்டை விண்மீன்கள் ஒன்றையொன்று ஒருமுறை சுற்றிவந்து, தொடங்கிய நிலைக்கே திரும்பியிருப்பதை எண்ணிப் பார்க்கலாம்.