பழுப்பேறும் தாளும் மறைந்துபோகும் எழுத்தும்

மணிமுத்தாற்றங்கரையில், பழமலைநாதர் கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த விருத்தாசலத்தின் சூளைகளில் ஒருமுறை வெந்த பீங்கான் நூற்றாண்டுகள் கடந்தும் தன் வடிவம் மாறுவதில்லை. அதே ஊரின் நூலக மேஜைக்கு வாரந்தோறும் வந்து சேரும் பத்திரிகைக்கோ அத்தகைய ஆயுள் வாய்க்கவில்லை. மலிவான தாளின் மரக்கூழில் எஞ்சி நிற்கும் லிக்னின் என்னும் பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டு அமிலத்தன்மை அடைந்து, தாளைப் பழுப்பாக்கி, சில பத்தாண்டுகளில் விரல் பட்டாலே உதிரும்படி செய்துவிடுகிறது. ஆகவே பழைய சஞ்சிகைகளைக் கணினியில் ஏற்றுவதன் அவசியத்தை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆனால் அப்படி ஏற்றும்போது எது காப்பாற்றப்படுகிறது, எது நழுவிப்போகிறது என்பதில் நாம் போதிய கவனம் செலுத்தவில்லை என்பது என் அபிப்பிராயம்.

'கல்கி' வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்கொள்வோம். அதை எழுதிய கல்கியின் எழுத்துக்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டுவிட்டதால், அந்த நாவல் பல பதிப்பாளர்களின் பிரசுரமாகவும் இணையத்தில் இலவசமாகவும் தாராளமாகக் கிடைக்கிறது. எனினும் மணியம் வரைந்த சித்திரங்களோடும், எதிர்ப்பக்கத்துச் சோப்பு விளம்பரத்தோடும், வாசகர் கடிதங்களோடும், அடுத்த வாரம் வரை காத்திருக்கச் செய்த அந்த நிறுத்தங்களோடும் அது முதன்முதலில் எப்படி ஜனங்களின் கைக்கு வந்தது என்பதை அறிய வேண்டுமானால், அந்த இதழ்களே வேண்டும். தொடர்ப் பக்கங்களைக் கிழித்தெடுத்துப் பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் ஒருவகையில் சரித்திரத்துக்குப் பேருபகாரம் செய்தவை. சி. சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை நடத்திய 'எழுத்து' சஞ்சிகையில் புதுக்கவிதையைப் பற்றி எழுந்த விவாதமும் இத்தகையதே. கட்டுரைகளைத் தனித்தனியே பிரித்துத் தொகுத்தால் ஒரு வாதத்துக்கு மறுவாதம் எந்த மாதத்தில், எந்தக் கவிதைக்குப் பக்கத்தில் வந்தது என்பது மறைந்துவிடும்.

இதை உணர்ந்து செயல்பட்ட ஸ்தாபனங்கள் நம்மிடையே இல்லாமலில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேகரித்த நூல்களையும் சஞ்சிகைகளையும், அவர் 1992-இல் காலமான பின் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியும் கடல் கடந்து கொண்டு போகாமல், சென்னையிலேயே 1994-இல் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிலைநிறுத்தியது. அங்கே முதலில் நுண்படச்சுருளிலும் பின்னர் கணினியிலுமாகப் பக்கங்கள் படம்பிடிக்கப்பட்டன. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் தீக்கிரையான துயரத்தை அறிந்த சமூகத்திலிருந்து 2005-இல் எழுந்த நூலகம் திட்டமோ, ஈழத்துப் பத்திரிகைகளை இதழ் இதழாகவே இணையத்தில் வைத்து, யாரும் வாசிக்கலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது. இந்த முறையே எனக்குச் சிலாக்கியமாகத் தோன்றுகிறது.

படம்பிடித்துவிட்டால் மட்டும் போதாது. தேடவும் இயல வேண்டும். 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் லை, னை முதலியவற்றுக்கு வேறு வடிவங்கள் இருந்தமையால், எழுத்துணரி மென்பொருளுக்கு அவற்றைத் தனியே பயிற்றுவிக்க வேண்டியிருக்கிறது. பழைய தாளைவிட அபாயத்தில் இருப்பவை 1990-களில் கணினியில் கோக்கப்பட்ட சிற்றிதழ்களின் கோப்புகள்: ஒவ்வோர் அச்சகமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்த அக்காலத்துக் கோப்பை, யூனிகோட் நிலைபெற்றுவிட்ட இன்று திறந்தால் பொருளற்ற குறிகளே திரையில் தோன்றும்.

பதிப்பாளர்களின் நிலையும் மாறிவிட்டது. 'கல்கி'யே 2020-இல், பெருந்தொற்றுக் காலத்தில், அச்சை விட்டு இணையத்துக்குப் போய்விட்டது. செலவைக் கருதினால் அவர்களைக் குறைகூற இடமில்லை. ஆயினும் அச்சிதழுக்குச் சந்தா கட்டிய நூலகத்தின் அலமாரியில், சந்தா முடிந்த பிறகும் பழைய இதழ்கள் இருந்தன. இணையச் சந்தாவில் பணம் நின்ற அன்றே வாசலும் அடைபடுகிறது. 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டமும், 1956-இல் செய்தித்தாள்களைச் சேர்த்து அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும், கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்பும் கடமையை அச்சேறிய பிரசுரங்களை மனத்திற்கொண்டே விதித்தன. உதாரணமாக, விருத்தாசலத்தில் வாழும் எழுத்தாளர் இமையம் 'செல்லாத பணம்' நாவலுக்காக 2020-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அவருடைய சிறுகதைகள் பல சஞ்சிகைகளில் வெளிவந்தவை. நாளை இவ்வூர் மாணவி ஒருத்தி அவை முதலில் வந்த இதழ்களைத் தேடுவாளானால், இணையத்தில் மட்டும் வெளியான சஞ்சிகையின் ஒவ்வோர் இதழும் முழுமையாக ஒரு பொது நூலகத்தில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு அந்தச் சட்டம் மீண்டும் திருத்தப்பட வேண்டும்.