சாந்தியின் வெள்ளிப் பதக்கம்

2006 டிசம்பர். தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டி. பெண்கள் 800 மீட்டர் இறுதி ஓட்டத்தில் பஹ்ரைனின் மரியம் யூசுப் ஜமால் முதலிடத்தைப் பிடித்துவிட்டார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் ஏறக்குறைய ஒட்டியபடி கோட்டைத் தாண்டினார்கள். ஒருவர் கஜகஸ்தானைச் சேர்ந்த விக்டோரியா யலோவ்த்செவா. இன்னொருவர் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன். சாந்தியின் நேரம் 2 நிமிடம் 3.16 விநாடி. கஜகஸ்தான் வீராங்கனைக்கு 2 நிமிடம் 3.19. கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவான அந்த இடைவெளியில் வெள்ளிப் பதக்கம் நம் ஊருக்கு வந்தது.

நெடுநாள் அது தங்கவில்லை.

800 மீட்டர் பொல்லாத ஓட்டம். நூறு மீட்டர் ஓடுகிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முடித்துவிடலாம். பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறவருக்குத் தவறைத் திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறது. 800-இல் இரண்டுமே கிடையாது. நானூறு மீட்டர் தடத்தில் இரண்டே சுற்று. முதல் சுற்றில் கையிலிருப்பதையெல்லாம் செலவழித்தவர் இரண்டாம் சுற்றில் கடனாளி. கடைசி நூறு மீட்டரில் தொடை கல்லாகக் கனக்கும், கை மேலே எழும்பாது. அந்த வலியைப் பழக்கப்படுத்திக்கொள்ள வருடக்கணக்கில் ஓட வேண்டும். சாந்தி அப்படித்தான் ஓடினார். பதின்மூன்று வயதில் தொடங்கியது அந்த ஓட்டம்.

அவர் பிறந்தது 1981-இல். அப்பா, அம்மா இருவருமே செங்கல் சூளைத் தொழிலாளிகள், தலித் குடும்பம். ஐந்து பிள்ளைகளில் சாந்திதான் மூத்தவர். சூளை வேலை என்றால் என்னவென்று புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலம் கழிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு வெளியூர்ச் சூளைக்குக் குடும்பமாகக் கிளம்புவார்கள். விடிவதற்கு முன்பே எழுந்து மண் குழைத்து, அச்சில் அடித்து, வரிசையாகக் காயவைப்பார்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. திடீர் மழை பெய்து காயாத கல் கரைந்தால் அன்றைய உழைப்பும் கரைந்துபோகும். பெற்றோர் சூளைக்குப் போன நாட்களில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டவர் சாந்திதான். மின்சாரமும் தண்ணீர்க் குழாயும் இல்லாத சின்னக் குடிசை அது.

அந்த வீட்டில் ஓட்டத்தைக் கொண்டுவந்தவர் தாத்தா. அவரே நன்றாக ஓடக்கூடியவர். குடிசைக்கு வெளியே இருந்த மண் தரையில் பேத்திக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார், ஒரு ஜோடி ஷூவும் வாங்கிக்கொடுத்தார். சாந்தியின் வாழ்க்கையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஷூதான் கண்முன் நிற்கிறது. மூன்று வேளைச் சோறு உறுதியில்லாத வீட்டில் ஒரு கிழவர் பெண்பிள்ளைக்கு ஓடுவதற்கென்று ஷூ வாங்குகிறார். சாந்திக்குக் கிடைத்த முதல் ஸ்பான்சர் அவர்தான்.

எட்டாம் வகுப்பில் முதல் போட்டி, முதல் கோப்பை. பிறகு பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளில் வரிசையாகக் கோப்பைகள். பக்கத்து உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் கவனித்து, தங்கள் பள்ளிக்கு அழைத்துக்கொண்டார். கல்விக் கட்டணத்தைப் பள்ளியே ஏற்றது. சீருடையும் சூடான மதியச் சாப்பாடும் கொடுத்தது. ஓடினால் சோறு உண்டு, படிப்பு உண்டு என்பது அந்த வயதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட்டு என்பது மாலைநேரப் பொழுதுபோக்கு. சாந்தி போன்றவர்களுக்கு முதல் நாளிலிருந்தே அது தொழில், பிழைப்பு. புதுக்கோட்டையில் கல்லூரி, பிறகு சென்னையில் கல்லூரி, எல்லாமே கால்கள் சம்பாதித்துக் கொடுத்த இடங்கள்தான்.

நம் நாட்டில் தடகளம் என்ற தொழிலுக்குத் தனியாகச் சம்பளப் பட்டியல் இல்லை. சர்வதேசப் பதக்கம் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே, காவல்துறை, பொதுத்துறை நிறுவனம் என்று எங்காவது நிரந்தர வேலைக்கு வழி பிறக்கும். மாநில அரசு ரொக்கப் பரிசு தரும். கிராமத்துப் பிள்ளைகள் பதக்கத்தைக் குறிவைத்து ஓடுவது இந்தக் கணக்கை வைத்துத்தான். 2005-இல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் சாந்தி 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அடுத்த ஆண்டு தோஹா. இருபத்தைந்து வயது. தொழிலில் உச்சத்தைத் தொடும் நேரம்.

தோஹாவில் ஓட்டம் முடிந்த பிறகு அவரைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், மருத்துவர்கள் உடலைப் பார்த்தார்கள். அது ‘பாலினச் சோதனை’ என்பதை அவருக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. ஊர் திரும்பிய பிறகு, இனி நீங்கள் போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது என்று தொலைபேசியில் தகவல் வந்தது. மற்ற விவரங்களைத் தொலைக்காட்சிச் செய்தியில் பார்த்துத்தான் அவரே தெரிந்துகொண்டார். சோதனை அறிக்கை அவர் கைக்கு வருவதற்கு முன்னால் உலகத்தின் கைக்குப் போய்விட்டது. பதக்கம் பறிக்கப்பட்டது.

இதை ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஊக்கமருந்து எடுத்தார் என்று அவர்மேல் குற்றச்சாட்டு இல்லை. வயதை மறைக்கவில்லை, பெயரை மாற்றவில்லை. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்கள் பிரிவில் ஓடினார். பிறப்பிலேயே உடல் சிலருக்கு வேறு விதமாக அமைகிறது. குரோமோசோம் ஒன்றைச் சொல்லும், உடல் இன்னொன்றைச் சொல்லும். ஆன்ட்ரோஜன் ஏற்பின்மை என்று மருத்துவர்கள் அழைக்கும் நிலையும் அவற்றில் ஒன்று. அந்த நிலை முழுமையாக உள்ள ஒருவரின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் சுரந்தாலும் செல்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியாது. சுரக்கிறது என்பதாலேயே வேகம் கூடிவிடாது. ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினேஸ் பாத்தினோ 1985-இல் ஜப்பானின் கோபே நகரில் இதே காரணத்துக்காக வெளியேற்றப்பட்டார். போராடி, 1988-இல் ஓடும் உரிமையைத் திரும்பப் பெற்றார். தோஹாவுக்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே தடகள உலகம் கற்றிருக்க வேண்டிய பாடம் அது.

அன்று ஒரு நல்ல காரியமும் நடந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். சோதனைச் செய்தி வெளிவந்த பிறகும் அன்றைய முதலமைச்சர் கருணாநிதி, அறிவித்த 15 லட்சம் ரூபாயைச் சாந்திக்குக் கொடுத்தார், ஒரு தொலைக்காட்சிப் பெட்டியோடு. தமிழ்நாடு அரசின் கணக்கில் அந்தப் பதக்கம் செல்லும் என்பதுதான் அதற்கு அர்த்தம். தேசிய அளவில் அந்தத் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

ஊருக்குள் ஏச்சும் பேச்சும் தாங்க முடியாமல் 2007-இல் அவர் உயிரை விடவும் துணிந்தார். பிழைத்து எழுந்தவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பரிசுப் பணத்தை வைத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தொடங்கினார். கட்டணம் கிடையாது. சூளைக்கும் வயலுக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் அவரிடம் வந்தார்கள். 2009-இல் சென்னை மாரத்தானில் முதலிடமும் மூன்றாமிடமும் அவருடைய மாணவர்களுக்குக் கிடைத்தன.

ஆனால் பரிசுப் பணம் எத்தனை நாளைக்கு வரும்? புதுக்கோட்டையில் கிடைத்த பயிற்சியாளர் வேலை ஒப்பந்த வேலை, சம்பளமோ சொற்பம். அதுவும் நிலைக்கவில்லை. 2012-இல் சாந்தி செங்கல் சூளையில் இருந்தார், நாளொன்றுக்கு 200 ரூபாய் கூலிக்கு. தாத்தா ஷூ வாங்கிக்கொடுத்து எந்த இடத்திலிருந்து ஓடச் சொன்னாரோ, அதே இடத்துக்கு நாடு அவரைத் திருப்பி அனுப்பியிருந்தது. பத்திரிகைகள் படத்தோடு செய்தி போட்ட பிறகுதான் டெல்லிக்குக் கண் தெரிந்தது. தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயப் படிப்பில் இடம் கொடுத்தார்கள். படித்து முடித்தார். 2016-இல் தமிழ்நாடு அரசு அவரை நிரந்தரப் பயிற்சியாளர் ஆக்கியது. தோஹாவிலிருந்து ஒரு நிரந்தர வேலைக்குப் பத்து ஆண்டுகள்.

இந்தப் பத்து ஆண்டுகளில் மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2009-இல் பெர்லின் உலகத் தடகளப் போட்டியில், இதே 800 மீட்டரில், தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா தங்கம் வென்றார். அவருக்கும் பாலினச் சோதனை, அவரைப் பற்றியும் உலகம் முழுக்க அசிங்கமான பேச்சு. தென்னாப்பிரிக்கா தன் பெண்ணை விட்டுக்கொடுக்கவில்லை. அரசாங்கமும் மக்களும் சேர்ந்து கோபப்பட்டார்கள். தங்கம் அவரிடமே இருந்தது. ஒடிசாவின் டூட்டி சந்த் 2014-இல் காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கப்பட்டபோது இந்தியாவே கொஞ்சம் மாறியிருந்தது. இந்திய விளையாட்டு ஆணையம் துணை நிற்க, அவர் விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015 ஜூலையில், அவரை நீக்கக் காரணமாக இருந்த விதியே நிறுத்திவைக்கப்பட்டது. 2018-இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் டூட்டி 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வாங்கினார். டூட்டிக்காக வழக்கறிஞர்கள் பேசினார்கள், அறிவியலாளர்கள் சாட்சி சொன்னார்கள். சாந்திக்கு 2006-இல் ஒரு மொழிபெயர்ப்பாளர்கூட இல்லை.

விவாதம் இன்னும் முடியவில்லை. 2025 செப்டம்பர் முதல், உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட விரும்புகிறவர்கள் எல்லோரும் வாழ்நாளில் ஒருமுறை மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று உலகத் தடகள அமைப்பு விதி கொண்டுவந்திருக்கிறது. பெண்கள் பிரிவில் நியாயமான போட்டி வேண்டும் என்கிற வாதத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. எல்லை எங்கே என்பதை அறிவியலும் விளையாட்டு அமைப்புகளும் பேசி முடிவு செய்யட்டும். ஆனால் எந்த விதி வந்தாலும் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்க முடியாது. சோதனை எதற்கென்று அந்தப் பெண்ணுக்கு அவள் மொழியில் சொல்ல வேண்டும். முடிவு அவளுக்கும் அவள் மருத்துவருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாது. நம் மாவட்ட மைதானங்களில் விடியற்காலையில் ஓடும் சிறுமிகளில் யாராவது ஒருத்தி நாளை அந்தச் சோதனை அறைக்குள் நுழைவாள். அவளோடு உள்ளே போக, அவளுக்குப் புரியும்படி பேச, ஒரு பெண் பயிற்சியாளரோ வழக்கறிஞரோ இருக்க வேண்டும். மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நினைத்தால் இதை இப்போதே ஏற்பாடு செய்யலாம்.

பதக்கத்தைத் திருப்பித் தரச் சொல்லிச் சாந்தியே பலமுறை கேட்டுவிட்டார். அவர் தனி ஆளாகக் கேட்டுக்கொண்டிருப்பது நமக்கு அழகில்லை. கேட்க வேண்டியது இந்திய ஒலிம்பிக் சங்கம். கேட்கவைக்க வேண்டியது தமிழ்நாடு அரசு. புதுக்கோட்டையின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினாலே தொடக்கம் கிடைத்துவிடும். 2 நிமிடம் 3.16 விநாடிக்கு நேராக மீண்டும் சாந்தி சௌந்தரராஜன், இந்தியா, வெள்ளி என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள்.