மார்மீக்குக் கோபம் வருமா?

"ஏதாவது ஒரு நல்ல நாவலில் வரும் சிறந்த பெற்றோரைப் பற்றிக் கட்டுரை எழுதிக் கொண்டு வா" என்று உங்கள் மகளிடம் பள்ளிக்கூடத்தில் சொல்லி விட்டார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவளும் 'லிட்டில் விமன்' நாவலைப் படித்து முடித்து விட்டாள். "மார்மீ ரொம்ப அன்பானவள், தியாகி, பொறுமைசாலி. அப்புறம் என்னம்மா எழுதறது?" என்று பேனாவைக் கடித்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மூன்று வார்த்தையில் கட்டுரை முடிந்து போயிற்று! இந்த மூன்றையும் எந்தக் கதையில் வரும் எந்தத் தாயாருக்கும் தபால் தலை மாதிரி ஒட்டி விடலாமே! ஆகையால் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "அவள் எப்படிப்பட்டவள் என்று எழுதாதே, என்ன செய்தாள் என்று எழுது."

நாவலைப் படிக்காதவர்களுக்காக நாலு வரி. அமெரிக்காவில் லூயிஸா மே ஆல்காட் என்ற பெண்மணி 1868-லும் 1869-லும் இரண்டு பாகங்களாக வெளியிட்ட கதை இது. உள்நாட்டு யுத்த காலம். தகப்பனார் படையினருக்குப் பாதிரியாராகப் போயிருக்கிறார். வீட்டிலே பணமுடை. மெக், ஜோ, பெத், ஏமி என்று நான்கு பெண்கள். மூத்தவளுக்கு வயது 16, கடைக்குட்டிக்கு 12. ஹன்னா என்ற பழைய வேலைக்காரியின் துணையோடு இவர்களை வளர்க்கிறாள் மார்ச் அம்மாள். (மார்ச் என்பது மாதமல்ல, குடும்பப் பெயர்!) பெண்கள் அவளைச் செல்லமாக "மார்மீ" என்று கூப்பிடுகிறார்கள்.

முதல் வார்த்தை, அன்பு. உப்பில் ஊறிய எலுமிச்சம்பழம் நமக்கு மட்டும் பிடித்த பண்டமல்ல. ஏமியின் வகுப்பிலும் அதற்குத்தான் கிராக்கி. வகுப்புக்குக் கொண்டு வரக் கூடாது என்று வாத்தியார் தடை போட்டிருக்கிறார். ஏமியோ இரண்டு டஜன் வாங்கி மேஜைக்குள் ஒளித்து வைக்கிறாள். அகப்பட்டுக் கொண்டதும் பழங்கள் ஜன்னலுக்கு வெளியே போகின்றன. கையில் அடி விழுகிறது. எல்லாருக்கும் முன்னால் நிற்க வேண்டியும் வருகிறது. மார்மீ என்ன செய்கிறாள்? குழந்தைகளை அடிப்பது தனக்குச் சம்மதமில்லை என்று சொல்லி, ஏமியை அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி விடுகிறாள். ஆனால் பழம் போனதற்காக ஒரு பொட்டு அனுதாபம் காட்டுவதில்லை. விதியை மீறியவளுக்கு ஏதாவது ஒரு தண்டனை வேண்டியதுதான் என்று நேருக்கு நேர் சொல்லி விடுகிறாள். அடித்தவருக்கும் வக்காலத்து இல்லை. தப்புச் செய்தவளுக்கும் வக்காலத்து இல்லை. அன்பு என்றால் பெண்ணின் கட்சி பேசுவது மட்டும்தானா? உங்கள் மகள் இதைப் பற்றி ஒரு பாரா எழுதலாம்.

இரண்டாவது, தியாகம். கிறிஸ்துமஸ் அன்று காலை, பசியோடு காத்திருக்கும் பெண்களிடம் மார்மீ ஒரு சேதி சொல்கிறாள். பக்கத்திலே ஹம்மல் என்ற ஏழைக் குடும்பம். பச்சைக் குழந்தையோடு தாய் படுத்துக் கிடக்கிறாள். குளிர் காய நெருப்பில்லை. ஆறு குழந்தைகள் ஒரே படுக்கையில் ஒடுங்கிக் கிடக்கின்றன. நம் காலை உணவைக் கொடுத்து விடலாமா? பெண்கள் ஒரு நிமிஷம் பேசாமல் இருக்கிறார்கள். பிறகு எல்லாவற்றையும் சுமந்து கொண்டு கிளம்புகிறார்கள். கட்டளை போட்டு வாங்கியதல்ல அந்தத் தர்மம். அந்த ஒரு நிமிஷத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பிற்பாடு, கணவர் வாஷிங்டனில் நோயாகக் கிடக்க, மார்மீ அங்கே போயிருக்கும் சமயம். அதே ஹம்மல் வீட்டுக்குப் போய் வரும் பெத்துக்குக் கடுமையான தொற்றுக் காய்ச்சல் கண்டு விடுகிறது. பிழைக்கிறாள்; உடம்பு மட்டும் பழையபடி தேறவே இல்லை. நல்ல வளர்ப்புக்கும் விலை உண்டு என்று ஆசிரியை மறைக்காமல் எழுதியிருக்கிறார். உங்கள் மகளும் மறைக்க வேண்டாம்.

மூன்றாவது, பொறுமை. ஒரு சண்டையில், ஜோ வருஷக் கணக்காக எழுதிச் சேர்த்த கதைகளை ஏமி நெருப்பில் போட்டு விடுகிறாள். அந்தக் கோபம் ஆறுவதற்கு முன்பே ஆற்றுப் பனிக்கட்டி மேல் சறுக்கி விளையாடப் போகிறார்கள். நடுவில் பனி மெலிந்திருப்பது ஜோவுக்குத் தெரியும். தங்கையின் காதில் விழவில்லை என்பதும் தெரியும். கோபத்தில் வாய் திறக்கவில்லை. பனி உடைந்து ஏமி தண்ணீரில் விழுகிறாள். நல்ல வேளையாகக் காப்பாற்றி விடுகிறார்கள். அன்றிரவு ஜோ அழுகிறாள். அப்போது மார்மீ, தனக்கும் அநேகமாகத் தினந்தோறும் கோபம் வருவதாகவும், நாற்பது வருஷமாக முயன்றும் அதை வெளிக்காட்டாமல் அடக்கத்தான் முடிந்திருக்கிறது என்றும் சொல்கிறாள்.

"பொறுமைசாலி" என்ற வார்த்தையை இங்கே அடித்து விட வேண்டியதுதான்! பிறவியிலேயே பொறுமைசாலியாக இருந்திருந்தால் அந்த இரவில் மகளுக்குச் சொல்ல அவளிடம் என்ன இருந்திருக்கும்? தன் குறையை மகளிடம் சொன்னாளே, அதுதான் ஜோவுக்குக் கிடைத்த மருந்து.

இது வெறும் கற்பனையுமல்ல. லூயிஸாவின் தாயார் அபிகெயில் முன்கோபக்காரி. தகப்பனார் ப்ரான்ஸன் பெரிய லட்சியவாதி, சம்பாத்தியம்தான் நிலையில்லை. 1843-ல் அவர் கூட்டாளிகளோடு ஆரம்பித்த லட்சியப் பண்ணை சில மாதங்களிலேயே படுத்து விட்டது. பின்னர் பாஸ்டன் நகரத்தில் ஏழைகளின் வீடு வீடாகச் சென்று உதவும் வேலையைச் சம்பளத்துக்கு ஏற்றுக் குடும்பத்தைத் தாங்கியவர் அபிகெயில். கோபப்பட அவருக்குக் காரணம் இருந்தது, இல்லையா?

இவ்வளவையும் தெரிந்து கொண்ட பிறகு உங்களுக்கே எழுதித் தள்ள ஆசை வரும். வேண்டாம்! ஒரு சனிக்கிழமை மார்மீ சமையலறைப் பக்கமே தலை காட்டாமல் இருந்து விட்டாள். ஜோ சமைத்தாள், ஸ்ட்ராபெர்ரிப் பழத்துக்குச் சர்க்கரை என்று உப்பைத் தூவிப் பரிமாறினாள். அதற்கப்புறம் ஜோவுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. மகளின் கட்டுரையிலும் உப்பு விழுந்தால் விழட்டும். கேள்வி கேளுங்கள், பேனாவை மட்டும் வாங்காதீர்கள்.

ஒன்றுக்குத் தயாராக இருங்கள். எழுதிக் கொண்டே இருப்பவள் சட்டென்று நிமிர்ந்து, "உனக்கும் தினம் கோபம் வருமாம்மா?" என்று கேட்கக் கூடும். "சே, சே!" என்று மழுப்பி விடாதீர்கள். பத்து நிமிஷம் அடுப்பை அணைத்து வைத்து விட்டு, உள்ளதைச் சொல்லுங்கள்.